சொல்லாமல் வைத்திருந்த சிறுத்தை

கூண்டை ஏற்றிய வனத்துறை லாரி பழனியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிவிட்டது என்று கோம்பைமேட்டுக்குச் செய்தி வந்தபோது, கண்மணி அவரைப் பந்தலுக்குக் கீழே காய் பறித்துக்கொண்டிருந்தாள். போனில் சொன்னது அவள் கணவன் கந்தவேல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டுப் பிக்கப் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தவன், அடிவாரச் செக்போஸ்ட்டில் அந்த லாரியைப் பார்த்திருக்கிறான். தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாலும் உள்ளே இருப்பது என்னவென்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடிவாரத்துத் தென்னந்தோப்புகளில் ஆடுகளைத் தூக்கிக்கொண்டிருந்த சிறுத்தை அது.

"நம்ம ஊரைத் தாண்டித்தான் எங்கேயோ சோலைக்குள்ள விடப்போறாங்களாம். நான் முன்னால வந்துக்கிட்டிருக்கேன். நீ வெரசா ஆளுகளைச் சேரு" என்றான்.

கண்மணி அந்த ஊரின் வார்டு மெம்பர். வடகவுஞ்சியிலிருந்து பிரிந்து போகும் சாலையில் நாற்பது ஐம்பது வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு கோழிக்கடை, வெளியூர்க்காரர் ஒருவரின் ஹோம்ஸ்டே. இவ்வளவுதான் கோம்பைமேடு. தெருவிளக்கு எரியாததையும் குழாயில் தண்ணீர் வராததையும் தவிர மெம்பரிடம் யாரும் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். பறித்த அவரையைச் சாக்கோடு அப்படியே போட்டுவிட்டு அவள் சாலைக்கு வந்தபோது, பாதி ஊர் அங்கே நின்றது. எல்லோருக்கும் முன்னால் பொன்னுவேல். ஊரிலேயே அதிகம் ஆடு வைத்திருப்பவர். கண்மணிக்கு அண்ணன் முறை.

"கீழ இருக்கவனுக்குத் தொந்தரவுன்னா நம்ம தலையில கொண்டாந்து கொட்டுவாகளா? நம்மெல்லாம் மனுசனாத் தெரியலையா?" என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கந்தவேல் வந்து சேர்ந்து பிக்கப்பைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினான். சிறிது நேரத்தில் லாரி வந்தது. அதற்குப் பின்னால் ரேஞ்சரின் ஜீப். அதற்கும் பின்னால் ஒரு பேருந்து வந்து மாட்டிக்கொண்டது.

ரேஞ்சர் சிவமுருகன் ஐம்பதை ஒட்டிய ஆள். எவ்வளவு கோபம் வந்தாலும் குரல் உயராது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கண்மணியிடம் வந்தார்.

"மெம்பரம்மா, உங்க ஊருல விடலைங்க. ஊரைத் தாண்டி ரொம்ப உள்ள போய்க் காட்டுலதான் விடுறோம்."

"காட்டுக்கும் ஊருக்கும் நடுவுல சுவரா இருக்கு சார்? எங்க காப்பித் தோட்டம் முடியுற எடத்துல காடு ஆரம்பிக்குது. பிள்ளைக அந்த ஒத்தையடிப் பாதையிலதான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகுது."

"அது மனுசன் கிட்ட வராதுங்க."

"எழுதிக் குடுங்க" என்றார் பொன்னுவேல். கூட்டம் கை தட்டியது. ரேஞ்சர் எழுதிக் கொடுக்கவில்லை.

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மதியம் சாயத் தொடங்கியது. லாரியிலிருந்து ஓர் இளம் கால்நடை டாக்டர் இறங்கி வந்து, உள்ளே இருப்பதற்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார். யாரும் அசையவில்லை. "புலிக்குத் தண்ணி வேற சுமக்கணுமா?" என்று யாரோ சிரித்தார்கள். கண்மணி பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்தாள். மறியலுக்குத் தலைமை தாங்குகிறவள் என்ற முறையில் அதுவும் தன் வேலைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் தார்ப்பாயின் ஒரு முனையை விரல் அளவுக்குத் தூக்கி, குழாய் வைத்து உள்ளே இருந்த தட்டில் தண்ணீரை விட்டார். அந்த இடைவெளியில் கண்மணி பார்த்தாள். பின்மூலையில் ஒட்டிக் கிடந்தது. மூக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கம்பிகளில் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் பக்கம் அது திரும்பவே இல்லை. மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் தார்ப்பாயை இழுத்து மூடினார்.

கடைசியில் ரேஞ்சர் யார் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, "சரி, திருப்புறோம்" என்றார். அந்த வளைவில் லாரியைத் திருப்புவது எளிதாக இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்சக்கரம் விளிம்புக்குப் போகும்போதெல்லாம் உள்ளே இருந்து ஓர் உறுமல் வந்தது. மறித்தவர்களே சக்கரத்துக்குக் கல் போட்டார்கள். கந்தவேல் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு விடுங்க" என்று கையைக் காட்டினான். லாரி திரும்பியதும் எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். பேருந்தில் காத்திருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஜீப்பில் ஏறும்முன் ரேஞ்சர் கண்மணியிடம், "இதைத் திருப்பி அனுப்பிட்டீங்க. மலையில ஏற்கெனவே இருக்கிறதை என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார். தோற்றுப்போன எரிச்சலில் பேசுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பேப்பரில் அவள் பெயர் வந்தது. டீக்கடையில் சில நாள் அவளிடம் காசு வாங்கவில்லை. பொன்னுவேல் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எந்தங்கச்சி இல்லாட்டி நம்ம ஊரு புலிக்காடாயிருக்கும்" என்றார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்த் தொட்டி பார்த்துக்கொள்ளும் மலைச்சாமி பழனிக்குப் பாதயாத்திரை போய்விட்டான். ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலை மெம்பர் தலையில் விழுந்தது. கண்மணி வெள்ளனே எழுந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். வெயில் இன்னும் ஊருக்கு இறங்கவில்லை. தொட்டிக்கு மேலே இருந்த பாறையின் தலையில் மட்டும் விழுந்திருந்தது. யாரோ கம்பளியைக் காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வால்வு இருந்த குழிக்குப் போனாள். கம்பளி தலையைத் தூக்கியது.

அவளையே பார்த்தது. ஒரு காது நுனியில் கிழிந்திருந்தது. பிறகு எழுந்து, முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, பாறைக்கு மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது. அவசரமே இல்லை. வெளியாள் வந்துவிட்டாளே என்று வீட்டுக்காரி உள்ளே போவது போலத்தான் இருந்தது.

கண்மணிக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். இத்தனை பேர் ரோட்டில் நின்று ஒன்றைத் துரத்தினோமே, இது இங்கே வெயில் காய்கிறதே என்ற கோபம். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. சிறிது நேரம் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த சோலியைச் செய்யாமல் போனால் ஊர் கேட்கும். வால்வைத் திறந்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அன்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாள் பேருந்து ஏறி ரேஞ்ச் ஆபீஸுக்குப் போனாள். சிவமுருகன் அவளை உட்காரச் சொல்லி, பையனை அனுப்பி டீ வாங்கி வரச்சொன்னார்.

"காது கிழிஞ்சதா? அப்ப அதேதாங்க. பொட்டை. நாலஞ்சு வருசமா உங்க மேட்டுலதான் இருக்கு. கணக்கெடுக்க வெச்ச கேமராவுல ஒவ்வொரு வருசமும் விழும். ஒரு தடவை குட்டி வளத்து விட்டிருக்கு."

"நாலஞ்சு வருசமா? எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

பையன் கொண்டுவந்த டீயை அவள் பக்கம் நகர்த்திவிட்டு ரேஞ்சரே தொடர்ந்தார்.

"இது நாய் பிடிக்கும். மேய விட்ட ஆடு தனியா நின்னா எடுக்கும். உங்க ஊருல காணாமப்போன நாயெல்லாம் எங்க போச்சுன்னு நெனச்சீங்க? ஆனா எந்த நேரத்துல எந்தப் பாதையில ஆள் வரும்னு அதுக்குத் தெரியும். ஒதுங்கிக்கும். இதைப் பிடிச்சுக் கொண்டுபோயிட்டா அந்த எடம் காலியா இருக்காது. வேற ஒண்ணு வரும். ஒண்ணு போன எடத்துக்கு ரெண்டு மூணு வந்து சண்டை போடும். அதுகளுக்கு உங்க ஊரும் தெரியாது, உங்க நேரமும் தெரியாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றீங்களா?"

"சொல்ல மாட்டேங்க. அந்த உத்தரவாதத்தை யாரும் தர முடியாது. இத்தனை வருசம் ஆகலைன்னு மட்டும் சொல்லலாம்."

எழுதிக் கொடுக்காத ரேஞ்சர்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அன்று அந்த ஆளின் பேச்சு அவளுக்கு முன்பைவிட நம்பும்படி இருந்தது. எழுந்திருக்கும்போது, திருப்பி அனுப்பியது என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"பல்லு ரெண்டு ஒடஞ்சிருச்சு. கம்பியைக் கடிச்சுக் கடிச்சு. இனி காட்டுல விட முடியாது. மறுவாழ்வு மையத்துல வெச்சிருக்காங்க. ஆயுசுக்கும் கூண்டுதான்." அவர் குற்றம் சாட்டும் தொனியில் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

திரும்பும் பேருந்துக்காகக் காத்திருந்தபோது கண்மணி யோசித்துப் பார்த்தாள். ஊரில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன ஐப்பசியில் அவளே நடத்திக் காட்டியதுதான். பொன்னுவேல் முன்னால் நிற்பார். கூண்டு வரும். இது போகும். அடுத்தது வரும். சொல்லாமல் இருந்தால், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதற்கு அவள் ஒருத்திதான் பொறுப்பு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தபோது, சொல்வதில்லை என்று முடிவாகியிருந்தது. எந்த இடத்தில் முடிவானது என்று அவளுக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் கோம்பைமேட்டில் என்றும் நடக்காத வேலைகள் நடந்தன. மேட்டுப் பக்கத்துத் தெருவிளக்குகள் மாதக்கணக்கில் எரியாமல் கிடந்தன. கண்மணி ஊராட்சி ஆபீஸில் போய் உட்கார்ந்து, விளக்கு வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். பள்ளிக்கூடப் பாதையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு மண்டியிருந்த உண்ணிச்செடியை நூறுநாள் வேலைப் பெண்களை வைத்து வெட்டினாள். கோழிக்கடைக்காரன் கழிவைப் பள்ளத்தில் கொட்டுவதும் அதைத் தின்ன நாய்கள் கூடுவதும் வழக்கம். அவனிடம் சண்டை போட்டு, குழி தோண்டி மூட வைத்தாள். ஆட்டுக்கொட்டகைக்குத் தகரக் கதவு போடச்சொல்லி வீடு வீடாகப் போனாள். பிள்ளைகள் தனித்தனியாகப் போகாமல் கூட்டமாகப் போகவேண்டும், கூட ஒரு பெரிய ஆள் போகவேண்டும் என்றாள்.

"மெம்பரம்மாவுக்கு எலெக்சன் சொரம் வந்துருச்சு டோய்" என்று டீக்கடையில் சிரித்தார்கள்.

"என்னத்தா, திடீர்னு இம்புட்டு அக்கறை?" என்று பொன்னுவேலும் கேட்டார். காட்டுப்பன்னி நடமாட்டம் அதிகமாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். அவர் தகரக் கதவு போட்டார். தாழ்ப்பாள் வாங்கவில்லை, கயிறு கட்டிக்கொண்டார்.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. கந்தவேல் விடியலில் லோடு ஏற்றப் போகும்போது, டார்ச் எடுங்க, சத்தம் குடுத்துக்கிட்டே போங்க என்று தினமும் சொன்னாள். "என்னடி, நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?" என்று அவன் கேட்டான். பலமுறை சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கந்தவேல் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பேசிக்கொண்டு போகிற ஆள். அவனிடம் சொன்னது மதியத்துக்குள் ஒட்டன்சத்திரத்துக்குப் போய்விடும்.

மாசி, பங்குனி போய்ச் சித்திரை வந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்டார்கள். எதுவும் நடக்கவில்லை. இப்படியே போய்விடும் என்று கண்மணி நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஹோம்ஸ்டேயில் தங்கவந்த கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று மாலையில் காரில் திரும்பும்போது வீடியோ எடுத்துவிட்டது. கோம்பைமேடு என்று எழுதிய பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் ஒரு சிறுத்தை சாலையைக் கடக்கிறது. அதன் பின்னால் ஒரு குட்டி. குட்டி நடுச்சாலையில் நின்று காரைப் பார்க்கிறது. தாய் திரும்பி வந்து அதை முட்டி நகர்த்திக்கொண்டு போகிறது. காருக்குள் ஒரு பெண், "ஐயோ, க்யூட்" என்கிறாள். இருட்டுவதற்குள் அது ஊரில் எல்லோர் போனிலும் இருந்தது.

மறுநாள் காலை கோயில் முன்னால் ஊர் கூடியது. கண்மணி போனபோது பேச்சு நின்றது. பொன்னுவேல் அவளைப் பார்த்து மெதுவாகத்தான் தொடங்கினார்.

"லைட்டுப் போட்டே. பொதரை வெட்டுனே. கோழிக்கடைக்காரங்கூட மல்லுக்கு நின்னே. என்னைத் தகரக் கதவு போட வெச்சே. பன்னின்னு சொன்னே. ஒனக்கு முன்னாடியே தெரியும். அப்படித்தானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் நிரூபித்திருக்க முடியாது.

"தெரியும்ணே" என்றாள். "தைப்பூசத்தப்ப பாத்தேன்."

கூட்டம் சலசலத்தது. அவள் ரேஞ்சர் சொன்னதையெல்லாம் சொல்லப் பார்த்தாள். இது பழைய சிறுத்தை, போனால் வேறொன்று வரும், வருவது எப்படிப்பட்டது என்று தெரியாது. அவர் சொன்னபோது நேராக இருந்த விஷயம் அவள் வாயில் கோணலாக வந்தது. பாதியில் ஒருவன், "ஃபாரஸ்ட்காரன் என்ன குடுத்தான்?" என்று கத்தினான். கந்தவேல் அவன் சட்டையைப் பிடிக்கப் போனான். நாலு பேர் விலக்கினார்கள்.

அப்போதுதான் ரம்யா முன்னால் வந்தாள். பொன்னுவேலின் மருமகள். அவள் பையன் இரண்டாம் வகுப்பு. அவள் சத்தம் போடவில்லை.

"மெம்பரம்மா, தையிலருந்து பள்ளிக்கூடம் விடுற வரைக்கும் எம்புள்ளை அந்தப் பாதையிலதான் போனான். பாதி நாளு மழை வந்தா, நேரமாயிட்டா, கூட்டத்தோட போகாம தனியா ஓடியிருக்கான். பன்னிதானேன்னு நானும் விட்டுட்டேன். சிறுத்தைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா விட்டிருப்பேனா? நீங்க உங்க மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுக்கிட்டீங்க. அதுல எம்புள்ளையையும் சேத்துல்ல போட்டிருக்கீங்க? என்னையக் கேட்டீங்களா?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் கண்மணி. ரம்யா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கந்தவேல் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. "ஊருக்குச் சொல்லல, சரி. எங்கிட்டக்கூடவா?" என்று ஒருமுறை கேட்டான். அப்புறம் சில நாள் பேசவே இல்லை. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டே, "எங்கிட்டச் சொல்லியிருந்தா அன்னைக்கே ஊரு பூராச் சொல்லியிருப்பேன். அதுவும் நெசந்தான்" என்றான். அவள் சோற்றைப் போட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஊர் கூண்டு கேட்டு மனு கொடுத்தது. கண்மணியும் கையெழுத்துப் போட்டாள். மெம்பர் கையெழுத்து இல்லாமல் மனு செல்லாது என்றார்கள். போடாமல் இருந்தால் ஊர் அவளை விட்டு வைக்காது. ஆனி மாதம் கூண்டு வந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்புக் கூண்டு. உள்ளே தடுப்புப் போட்டு இரண்டு அறை. ஒன்றில் இரையைக் கட்டினால் அடுத்த அறைக்குள் சிறுத்தை நுழையும், கதவு விழும். காப்பித் தோட்டங்களுக்கு மேலே அதை இறக்கி வைத்துவிட்டு, சிவமுருகன் கூடியிருந்தவர்களைப் பார்த்தார்.

"ஆடு எங்கங்க?"

"என்ன ஆடு?" என்றார் பொன்னுவேல்.

"கூண்டுக்குள்ள கட்டணுமில்ல? கூண்டு எங்களோடது. ஆடு ஊருதான் குடுக்கணும்."

ஊர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லோரும் பொன்னுவேலைப் பார்த்தார்கள்.

"எங்கிட்ட இருக்கதெல்லாம் செனை ஆடு" என்றார் அவர்.

"கெடா இருக்குல்ல?" என்றான் ஒருவன்.

"அது மாரியாத்தாவுக்கு நேந்து விட்டது. அதைக் கொண்டுபோயிப் புலிக்குக் கட்டுவியா? ஏலே, ஒன் வீட்டுல நிக்குற குட்டியக் கொண்டா."

"எம்பொண்டாட்டி வெட்டிப்போடுவா."

"ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நடுவுல தடுப்பு இருக்கு" என்றார் ரேஞ்சர்.

"அப்ப நீங்க ஒண்ணு வாங்கிக் கட்டுங்க" என்றார் பொன்னுவேல். ரேஞ்சர் சிரிக்கவில்லை. தெருநாயைக் கட்டலாமா என்று ஒருவன் கேட்டான். கூடாது என்றார். கோழி போதுமா என்றார்கள். கோழிக்கு வராது என்றார். ஒவ்வொரு வீட்டிலும் பங்கு போட்டு ஓர் ஆடு வாங்கலாம் என்று பேச்சு வந்தது. யார் எவ்வளவு என்பதில், ஆடே இல்லாத வீடுகள் நாங்கள் ஏன் போடவேண்டும் என்றன. ஆடு வைத்திருந்த வீடுகள், பிள்ளை எல்லோருக்கும்தானே இருக்கிறது என்றன. சாயங்காலம் வரைக்கும் இதே பேச்சு. ரேஞ்சர் நடுவிலேயே கிளம்பிவிட்டார். ஆடு ஊர்தான் கொடுக்கவேண்டும் என்று உண்மையிலேயே ஒரு விதி இருக்கிறதா என்று கண்மணிக்குச் சந்தேகம் வந்தது. அவள் கேட்கவில்லை.

கூண்டு அங்கேயே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மழையில் நனைந்தது. ஆடி மாதம் அடிவாரத்தில் வேறோர் ஊரில் கேட்கிறார்கள் என்று லாரி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது. யாரும் மறிக்கவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே பொன்னுவேலின் கொட்டகைக் கயிறு அவிழ்ந்து, ஒரு வெள்ளாடு போனது. காலையில் அவர் கண்மணி வீட்டு வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். அவள் வெளியே வந்து நின்று முழுவதையும் கேட்டாள். ஏசி முடித்தவர், தாழ்ப்பாள் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று கந்தவேலிடம் கேட்டுவிட்டுப் போனார்.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை ரம்யா எடுத்துக்கொண்டாள். கையில் ஒரு தகரத் தட்டும் கரண்டியும் வைத்திருந்தாள். அதோடு போனில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். யார் எங்கே சிறுத்தையைப் பார்த்தாலும், தடம் பார்த்தாலும், நாய்கள் ஒரே பக்கம் பார்த்துக் குரைத்தாலும் அதில் சொல்லவேண்டும். வீட்டுக்கு ஒருவரைச் சேர்த்தாள். கண்மணி வீட்டிலிருந்து கந்தவேலைச் சேர்த்தாள். கொஞ்ச நாள் கழித்து, ஒரு விளக்கமும் இல்லாமல், கண்மணியின் எண்ணும் அதில் சேர்ந்தது.

முதலில் அந்தக் குரூப்பில் ஒரே அலறல். பூனையைப் பார்த்தவர்களும் போட்டார்கள். போகப்போக அலறல் குறைந்தது. இன்ன இடத்தில், இன்ன பக்கம் போகிறது என்று மட்டும் வரும். குட்டி பெரிதாகிவிட்டது என்று ஒருவர் போட்டார். பதிலுக்கு யாரோ இரண்டு கும்பிடு போட்டார்கள். மறுபடி கூண்டு கேட்கவேண்டும் என்று சிலர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். சொன்னவர்களிடம் மற்றவர்கள், ஆடு கொண்டுவா என்றார்கள்.

கார்த்திகையில் காப்பிப் பழம் சிவந்தது. கண்மணியின் பதவிக்காலம் முடிய இன்னும் ஓரிரு மாதமே இருந்தது. மறுபடி நிற்பாயா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை. பழம் பறிக்க ஆள் கூப்பிட்டிருந்தாள். வந்த பெண்களில் ரம்யாவும் இருந்தாள். கூலிக்கு வந்தவள், மற்றவர்களோடு பேசினாள், கண்மணியோடு பேசவில்லை.

தோட்டத்துக்குள் இறங்கப் போகும்போது எல்லோர் போனும் ஒன்றாகச் சத்தம் போட்டது. பொன்னுவேல் குரலில் பேசி அனுப்பியிருந்தார். ஓடைப் பக்கம் கொரங்குக விடாமக் கத்துதுக, அது அங்கே எங்கேயோதான் கெடக்கு, கொஞ்சம் பொறுத்துப் போங்க.

பெண்கள் சாக்கை விரித்து வரப்பில் உட்கார்ந்தார்கள். "பொழுது போயிரும் போலிருக்கே. அரைநாள் கூலின்னு பிடிக்காதீங்க மெம்பரே" என்றாள் ஒருத்தி. பிடிக்க மாட்டேன் என்றாள் கண்மணி. ஃப்ளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். ரம்யா தம்ளரை வாங்கிக்கொண்டாள். மூடுபனி ஓடையிலிருந்து மேலே ஏறி, காப்பிச் செடிகளுக்குள் புகுந்து, மெல்ல விலகியது. குரங்குகளின் சத்தம் தள்ளிப் போய், நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

ரம்யா எழுந்து கூடையை இடுப்பில் கட்டினாள். யாரையும் பார்க்காமல், "போகலாம்" என்றாள். எல்லோரும் இறங்கினார்கள்.